ஒத்துப்போகவில்லை என்று ஒத்துக்கொண்ட மாநாடு

1938 டிசம்பர் 12 முதல் 29 வரை, தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரி வளாகத்தில் பன்னாட்டு மிஷனரி மன்றத்தின் உலக மாநாடு நடந்தது. ஏறக்குறைய 70 நாடுகளிலிருந்து 471 பேர் வந்திருந்தனர். தமிழ்நாட்டில் இந்தக் கூட்டத்தை அறிந்தவர்கள் இன்று குறைவு. உலகக் கிறித்தவ வரலாற்று நூல்களிலோ ‘தாம்பரம்’ என்ற ஊர்ப்பெயரே மாநாட்டின் பெயராக நிலைத்துவிட்டது. அங்கே பேசப்பட்டது பெரும்பாலும் இறையியல். ஆனால் கூடிப் பேசி முடிவெடுக்கும் வழக்கத்தின் வரலாற்றைப் பார்ப்பவர்களுக்கு அது வேறொரு வகையில் முக்கியமானது. யாரையும் கட்டுப்படுத்தும் அதிகாரம் இல்லாத ஓர் அவை, ஒன்றோடொன்று போரிட்டுக்கொண்டிருந்த நாடுகளின் பேராளர்களையும் அடிப்படைக் கொள்கையிலேயே மோதிக்கொண்டிருந்த அறிஞர்களையும் உட்காரவைத்து, 18 நாளில் பொது அறிக்கை ஒன்றை எழுதி முடித்தது.

மாநாடு தாம்பரத்துக்கு வந்ததே தற்செயல். சீனாவின் ஹாங்சோ நகரில் கூட்டுவதாகத்தான் முதலில் திட்டம். 1937 ஜூலையில் ஜப்பான் சீனாவின் மீது முழுப் போர் தொடுத்ததும் அது நடவாத காரியமாயிற்று. அந்த நேரத்தில் சென்னைக் கிறித்தவக் கல்லூரி நூறாண்டுக்கால இருப்பிடமான ஜார்ஜ் டவுனை விட்டு, சேலையூர்க் காட்டில் அமைந்த புதிய வளாகத்துக்குக் குடிபெயர்ந்திருந்தது. தாம்பரம் அப்போது சிற்றூர்தான். ஆயினும் கடற்கரை நிலையத்திலிருந்து மின்சார ரயில் 1931 முதல் ஓடிக்கொண்டிருந்தது. டாக்டர் சவுரிமுத்து 1928இல் தொடங்கிய காசநோய் மருத்துவமனையால் ‘தாம்பரம் சானடோரியம்’ என்ற பெயரும் பரவியிருந்தது. நூற்றுக்கணக்கானவர்களைத் தங்கவைக்கப் புதிய விடுதிகள், கூடிப் பேச அரங்குகள், நகரத்தின் இரைச்சல் எட்டாத தொலைவு எல்லாம் ஒரே இடத்தில் கிடைத்தன. பலர் கூடிச் செயல்படுவது என்ற பொருளோடு கல்லூரிக்கும் உறவு உண்டு. ஸ்காட்லாந்து மிஷனின் பள்ளியாக 1837இல் தோன்றி, 1870களில் வில்லியம் மில்லரின் காலத்தில் பல மிஷன்கள் சேர்ந்து தாங்கும் பொதுக் கல்லூரியானது அது. தனித்தனியே கல்லூரி நடத்தப் பணம் போதாது என்ற உலகியல் காரணமும் அந்தக் கூட்டுறவுக்குப் பின்னால் இருந்தது.

மன்றத்தின் நடைமுறை 1910இல் எடின்பரோவில் கூடிய உலக மிஷனரி மாநாட்டிலிருந்து வந்தது. ஆங்கிலிக்கன், பிரஸ்பிட்டேரியன், மெதடிஸ்ட், பாப்டிஸ்ட் எனப் பலரும் ஒரே மேடைக்கு வர ஒரு நிபந்தனை விதிக்கப்பட்டது. பங்கேற்கும் சபைகள் தங்களுக்குள் வேறுபடும் கோட்பாடுகளையும் சபை ஆட்சிமுறையையும் பற்றி மாநாடு எந்தத் தீர்மானமும் செய்யாது என்பதே அது. எதை முடிவு செய்வது என்று பேசும் முன்பே எதை முடிவு செய்வதில்லை என்று வரையறுத்துவிட்டார்கள். இந்த வேலி இல்லையென்றால் ஆங்கிலிக்கன் உயர்சபையினர் எடின்பரோவுக்கு வந்தே இருக்கமாட்டார்கள். 1921இல் அமைந்த பன்னாட்டு மிஷனரி மன்றம் அதே விதியை ஏற்று, இன்னொன்றையும் சேர்த்துக்கொண்டது. கொள்கை வகுக்கும் உரிமை சபைகளுக்கும் மிஷன் சங்கங்களுக்கும் மட்டுமே உரியது. மன்றத்தின் முடிவு எவரையும் கட்டாது. அதற்குள்ள செல்வாக்கு அதன் நியாயத்தால் வருவது மட்டுமே.

இப்படிப்பட்ட அவையில் 51 கை உயர்ந்தால் 49 பேர் தோற்றார்கள் என்று கணக்கிடுவதில் பயனில்லை. தோற்றவர்கள் வீட்டுக்குப் போய் அறிக்கையை ஓரமாக வைத்துவிடலாம், கேட்பதற்கு ஆளில்லை. எனவே எல்லோரும் தம் பெயரை இடக்கூடிய வாசகத்தைத் தேடுவது தவிர அந்த அவைக்கு வழி இருக்கவில்லை. இணக்கம் தேடுவதைப் பெருந்தன்மையின் அடையாளமாகப் பேசுவது உண்டு. தாம்பரத்தில் அது பெரும்பாலும் அதிகாரமின்மையின் விளைவு.

தலைமை அமெரிக்கரான ஜான் மாட். செயலாளர் ஆங்கிலேயரான வில்லியம் பேட்டன். எடின்பரோவுக்குத் தலைமை தாங்கியவரும் மாட் தான். ஆனால் எதிரே அமர்ந்திருந்த முகங்கள் மாறியிருந்தன. எடின்பரோவுக்கு வந்த சுமார் 1,200 பேரில் ஆசியர்கள் இருபது பேர்கூட இல்லை. தாம்பரத்தில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் ஆசிய, ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்க சபைகளின் பேராளர்கள். ஜப்பானிலிருந்து தொண்டர் ககாவா வந்தார். சீனாவிலிருந்து இறையியலாளர் டி. சி. சாவ், தென்னாப்பிரிக்காவிலிருந்து பின்னாளில் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற ஆல்பர்ட் லுத்துலி. யாழ்ப்பாணத் தமிழரான டி. டி. நைல்ஸ் அங்கிருந்த இளையவர்களுள் ஒருவர். திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்து, 1912இல் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயராகத் தோர்ணக்கல்லில் அமர்த்தப்பட்ட வி. எஸ். அசரியா இந்தியத் தரப்பின் மூத்த குரல்.

வேலை பிரிக்கப்பட்ட விதம் எளிமையானது. பேசவேண்டியவை 16 தலைப்புகளாக வகுக்கப்பட்டன: சபையின் நம்பிக்கை, பிற சமயங்கள், கல்வி, மருத்துவம், பொருளாதார அடிப்படை, அரசு, பன்னாட்டு ஒழுங்கு, ஒத்துழைப்பும் ஐக்கியமும் என்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு குழு. குழு பேசி வரைவு எழுதும், வரைவு பொது அவைக்கு வரும், திருத்தம் சொல்லப்படும், அதன்பின் ஏற்கப்படும். மாநாட்டுக்கு முன்பே ஆண்டுக்கணக்கில் ஆயத்த ஆய்வுகள் நடந்திருந்தன. ஏழை நாட்டுச் சபை தன் போதகருக்குத் தானே சம்பளம் கொடுக்க முடியுமா என்பது போன்ற கேள்விகளை மெர்ல் டேவிஸ் என்பவர் நாடு நாடாகச் சென்று ஆராய்ந்திருந்தார். தகவல் கையில் இருந்த தலைப்புகளில் உடன்பாடு விரைவாகவே வந்தது. மருத்துவமனை பற்றியோ போதகர் பயிற்சி பற்றியோ பெரிய சண்டை ஏதுமில்லை.

சண்டை முழுவதும் பிற சமயங்கள் பற்றிய கேள்வியில்தான். இந்து, பௌத்த, இசுலாமிய சமயங்களுக்குள்ளும் கடவுளின் வெளிப்பாடு உண்டா? மன்றத்தின் வேண்டுகோளின் பேரில் டச்சு அறிஞர் ஹென்ரிக் கிரேமர் இதற்கென்றே ஒரு தடித்த நூலை எழுதி 1938இல் வெளியிட்டிருந்தார். ஜாவாவில் பல்லாண்டு வாழ்ந்தவர், மொழியறிஞர், குருப்பட்டம் பெறாதவர். ஒவ்வொரு சமயமும் பிரிக்கமுடியாத ஒரு முழுமை, அதிலிருந்து நல்ல துண்டுகளைப் பொறுக்கிக் கிறித்துவுக்கு ஏறும் படிகளாக அடுக்க முடியாது, விவிலிய வெளிப்பாடு மற்ற எல்லாவற்றிலிருந்தும் வேறானது என்பது அவர் வாதம்.

எதிர்த்தரப்பு சென்னையிலேயே இருந்தது. அந்தக் கல்லூரியில் 1903 முதல் தத்துவம் கற்பித்து முதல்வராகவும் இருந்த ஏ. ஜி. ஹாக், ராதாகிருஷ்ணனின் ஆசிரியர். கிறித்தவர் அல்லாதவரின் நம்பிக்கையிலும் கடவுளோடு உயிருள்ள உறவு உண்டு என்பதை வகுப்பறையில் நேரில் கண்டவர் என்ற முறையில் அவர் பேசினார். இன்னும் காரமான பதில், கிரேமரின் நூலுக்கு எதிராகச் சென்னை நண்பர் குழு ஒன்று அதே ஆண்டில் வெளியிட்ட ‘இந்தியாவில் கிறித்தவத்தை மறுசிந்தித்தல்’ என்ற ஆங்கிலத் தொகுப்பிலிருந்து வந்தது. அதை எழுதியவர்களில் புதுக்கோட்டை சமஸ்தானத்தின் தலைமை நீதிபதியாக இருந்த பி. செஞ்சையா உண்டு, பின்னர் சென்னை மேயரான தொழிற்சங்கத் தலைவர் வி. சக்கரை உண்டு; திருப்பத்தூரில் கிறித்துகுல ஆசிரமம் நிறுவிய எஸ். ஏசுதாசனும் உண்டு. இந்து மரபில் பிறந்தவர் கிறித்துவை ஏற்கும்போது அந்த மரபைக் கழற்றி வாசலில் விட்டுவர வேண்டியதில்லை என்பது அவர்கள் நிலை. ஐரோப்பியச் சபை அமைப்பையே அப்படியே இங்கே நடவேண்டுமா என்றும் கேட்டார்கள்.

இது ஏட்டுச்சண்டையாக மட்டும் இருக்கவில்லை. இந்துவாகச் சாகமாட்டேன் என்று அம்பேத்கர் இயோலாவில் அறிவித்து மூன்றாண்டுதான் ஆகியிருந்தது. மதமாற்றம் குறித்து காந்திக்கும் அசரியாவுக்கும் இடையே கடுமையான வாதம் நடந்திருந்தது. தாம்பரத்தில் எழுதப்படும் ஒவ்வொரு வரியும் சேலையூர்க் காட்டுக்கு வெளியே படிக்கப்படும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

குழுவால் இரு தரப்பையும் இணைக்க முடியவில்லை. இத்தகைய இக்கட்டில் கூட்டங்கள் வழக்கமாகச் செய்வது இரண்டில் ஒன்று: பெரும்பான்மையின் கருத்தை எழுதிவிட்டு மற்றதை மறப்பது, அல்லது இரு தரப்பும் தத்தமக்கு ஏற்றபடி பொருள் கொள்ளும்படி வழவழவென்று ஒரு வாக்கியம் அமைப்பது. தாம்பரம் மூன்றாவது வழியில் சென்றது. பிற சமயங்களில் ஆழ்ந்த அனுபவமும் உயர்ந்த அறமும் உண்டு என்பதை அறிக்கை ஏற்றது. கிறித்துவே இறுதி வெளிப்பாடு என்பதையும் உறுதிசெய்தது. ஆனால் அந்தச் சமயங்கள் முழு அமைப்புகளாக இறைவெளிப்பாட்டைக் காட்டுகின்றனவா என்ற கேள்வியில் கிறித்தவர்களிடையே கருத்தொற்றுமை இல்லை என்றும், அதைச் சேர்ந்து ஆராயவேண்டிய அவசரம் இருக்கிறது என்றும் வெளிப்படையாகப் பதிவு செய்தது. எதுவரை ஒன்றாக வந்தோம், எந்த இடத்தில் பிரிந்தோம் என்பதை நிலவரைபடத்தில் எல்லைக்கல் குறிப்பது போலக் குறித்துவைத்தார்கள்.

தமிழகத்தின் பழைய ஊராட்சிச் சபைகள் இதே சிக்கலை வேறு விதமாகக் கையாண்டன. தாம்பரத்துக்குத் தென்மேற்கே உள்ள உத்திரமேரூரின் 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் குடவோலையால் வாரிய உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த முறையை நுணுக்கமாகச் சொல்கின்றன. பாடப்புத்தகங்கள் அதைப் போற்றுகின்றன. ஆனால் அவை ஆள் எடுக்கும் விதிகள். சபைக்குள் கருத்து மோதினால் என்ன செய்வது என்பதை அவற்றில் தேடக்கூடாது. அதற்குத் திருநெல்வேலிப் பக்கம் மானூருக்குப் போகவேண்டும். மாறஞ்சடையன் என்ற பாண்டியனின் காலத்தில், கி.பி. 800ஐ ஒட்டிப் பொறிக்கப்பட்ட கல்வெட்டு அது. சபையில் கொண்டுவரப்படும் எல்லாவற்றையும் ‘அன்று, அன்று’ என்று மறுத்துக் குத்துக்கால் போடுகிறவருக்கும் அவருக்குத் துணை நிற்பவருக்கும் ஐந்து காசு தண்டம் என்று அது விதிக்கிறது. இன்றைய கூட்டங்களில் உட்கார்ந்து நொந்தவர்களுக்கு மானூரார்மேல் பரிவு வரலாம். வரி, நீர்ப்பங்கு, நிலம் என்று அன்றன்றைக்கே முடிக்கவேண்டிய வேலை இருந்த சபை அது. கல்வியும் பங்கு நிலமும் உடையவர்களுக்கு மட்டுமே இடம் தந்த சபையும்கூட. தாம்பரத்தில் ‘அன்று’ என்றவரைத் தண்டிக்க எவராலும் முடியாது. அதனால் அவர் சொன்னதும் ஏட்டில் ஏறியது.

தாம்பரத்துக்கு வந்த ஜெர்மானியப் பேராளர்கள் இன்னொரு படி போனார்கள். உலக ஒழுங்கைத் திருத்தி அமைப்பது பற்றி ஆங்கில-அமெரிக்கப் பேராளர்கள் பேசியது, இறையரசை மனிதர் கட்டும் சமூகத் திட்டமாகக் குறுக்குவதாக அவர்களுக்குப் பட்டது. பொது அறிக்கையோடு சேர்த்துத் தங்கள் நிலையைத் தனி அறிவிப்பாகவே வெளியிட்டனர். மாநாடு அதற்கு இடம் கொடுத்தது. அடுத்த ஆண்டு உலகப்போர் மூண்டு ஜெர்மன் மிஷன்களுக்குத் தாய்நாட்டுப் பணம் நின்றபோது, ‘அனாதை மிஷன்கள்’ என்ற பெயரில் நிதி திரட்டி அவற்றைத் தாங்கியது இதே மன்றம். பணம் கொடுத்தவர்களில் எதிரி நாட்டினரும் இருந்தனர். தாம்பரத்தில் அவர்களை அறிக்கைக்குள் அமுக்க முயன்றிருந்தால் இந்த உறவு நீடித்திருக்குமா என்பது ஐயம்.

சீனரும் ஜப்பானியரும் ஒரே அரங்கில் இருந்ததையும் இங்கே சொல்லவேண்டும். நான்ஜிங் வீழ்ந்து சரியாக ஓராண்டு ஆகியிருந்தது. எடுத்ததற்கெல்லாம் அந்தப் போரைத் தொட்டிருந்தால் மாநாடே உடைந்திருக்கும். பன்னாட்டு ஒழுங்கு பற்றிய குழு பொது நெறிகளோடு நின்றது. இந்த இடத்தில் இணக்கம் வாங்கிய விலை அதிகம் என்றே தோன்றுகிறது. தாக்கியவரையும் தாக்கப்பட்டவரையும் ஒரே மேசையில் வைத்திருப்பதற்காக, தாக்குதலைப் பற்றிய பேச்சு மென்மையாக்கப்பட்டது.

தாம்பரத்தின் முடிவுகளில் நடைமுறைப் பயன் தந்தது ஒத்துழைப்பும் ஐக்கியமும் பற்றியது. ஆசிய, ஆப்பிரிக்கப் பேராளர்கள் அதில் தங்கள் சொந்த வேண்டுகோளைச் சேர்த்தனர். ஐரோப்பாவின் பழைய பிளவுகளை எங்கள் மண்ணில் சுமக்கவைக்காதீர்கள், சபை இணைப்புக்கு வழிவிடுங்கள் என்பது அதன் சாரம். அந்த இணைப்பு முயற்சி தென்னிந்தியாவில் அப்போது 19 ஆண்டு கண்டு தள்ளாடிக்கொண்டிருந்தது.

1919 மே 1, 2ஆம் தேதிகளில் தரங்கம்பாடியில் 33 போதகர்கள் கூடினார்கள். இருவரைத் தவிர எல்லோரும் இந்தியர். ஆங்கிலிக்கன் பக்கம் அசரியாவும், தென்னிந்திய ஐக்கிய சபையின் பக்கம் வி. சந்தியாகுவும் முன்னின்றனர். ஐக்கிய சபை என்பது பிரஸ்பிட்டேரியன், காங்கிரகேஷனல் மிஷன்களின் சபைகள் 1908இல் சேர்ந்து உருவானது. மதுரை, ஆர்க்காடு அமெரிக்க மிஷன்களும் லண்டன் மிஷனும் யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷனும் அதில் அடக்கம். இரண்டே நாளில் ஓர் அறிக்கை பிறந்தது: விவிலியம், விசுவாசப் பிரமாணங்கள், இரண்டு திருவருட்சாதனங்கள், பேராயர் ஆட்சி ஆகியவற்றை அடிப்படையாகக் கொண்டு சேரலாம். பேச்சுவார்த்தைக் கூட்டுக்குழு அடுத்த ஆண்டே அமைந்தது. வெஸ்லியன் மெதடிஸ்டுகள் பின்னர் சேர்ந்துகொண்டனர். இரண்டு நாளில் எழுதியதை நிறைவேற்ற 28 ஆண்டு பிடித்தது.

முடிச்சு, குருப்பட்டத்தில் இருந்தது. ஆங்கிலிக்கர்களுக்குப் பேராயரின் கை தலைமேல் படாமல் குருப்பட்டம் இல்லை. மற்றவர்களின் போதகர்கள் பேராயரைக் கண்டதே இல்லை. இணையும் நாளில் அவர்களுக்கு மறுபடி பட்டம் கொடுத்தால், அதுவரை அவர்கள் செய்த திருமுழுக்கும் திருவிருந்தும் செல்லாதவை என்று ஆகும். கொடுக்காவிட்டால் ஆங்கிலிக்கன் மனசாட்சி இடிக்கும். 1929இல் முதல் வரைவுத் திட்டம் வெளிவந்தது. அதன்பின் திருத்தம், மறுதிருத்தம். 1942இல் வந்தது ஏழாம் பதிப்பு. ஐக்கிய சபையினர் சிலர், திருவிருந்தைப் பட்டம் பெறாதவரும் நடத்தலாம் என்று கோரியபோது எல்லாம் முறிந்துபோகும் நிலை வந்தது.

இறுதியில் கண்ட தீர்வு, கேள்விக்கு விடை சொல்லாமல் காலத்திடம் ஒப்படைப்பது. ஏற்கெனவே போதகராக இருப்பவர்கள் எல்லோரும் அப்படியே ஏற்கப்படுவர். மறுபட்டம் எவருக்கும் இல்லை. இணைந்த நாளுக்குப்பின் தரப்படும் பட்டம் யாவும் பேராயர் கையால்தான். 30 ஆண்டில் பழைய தலைமுறை ஓய்வுபெறும். விதிவிலக்குகளைத் தொடர்வதா என்று அப்போதுள்ள சபை தீர்மானித்துக்கொள்ளட்டும். இதோடு ஓர் உறுதிமொழியும் சேர்ந்தது: எந்த ஊர்ச் சபையின் மீதும் அதன் மனசாட்சி ஒப்பாத போதகரையோ வழிபாட்டு முறையையோ திணிக்கமாட்டோம். சட்டமாக எழுதமுடியாததை வாக்காகக் கொடுத்தார்கள். சட்டம் துல்லியமாக இருக்கவேண்டும். துல்லியமாக எழுதினால் ஒரு தரப்பு எழுந்து போய்விடும். இந்த நுட்பத்தைப் புரிந்துகொள்ளாதவர்கள் அதை ஏமாற்று என்றார்கள். இங்கிலாந்தில் ஆங்கிலோ-கத்தோலிக்கர்கள் கொதித்தனர், கவிஞர் டி. எஸ். எலியட் 1943இல் இந்தத் திட்டத்தைத் தாக்கித் தனிச் சிறுநூலே எழுதினார்.

மெதடிஸ்டுகள் 1943இல் ஒப்புக்கொண்டனர். ஆங்கிலிக்கன் பொதுமன்றம் 1945இல். ஐக்கிய சபை கடைசியாக 1946இல். இந்த முடிவுகள் வாக்கெடுப்பால் வந்தவை, எதிர்வாக்குகளும் விழுந்தன. இணக்கம் தேடும் நீண்ட பேச்சுக்குப் பிறகு எண்ணிக்கை எடுப்பது வேறு, பேச்சுக்குப் பதிலாக எண்ணிக்கை எடுப்பது வேறு. 1945இல் தோற்றவர்களில் பெரும்பாலோர் இணைந்த சபைக்குள் வந்ததற்குக் காரணம் இதுவே. எல்லோரும் வரவில்லை. நந்தியால் பகுதி ஆங்கிலிக்கர்கள் பலர் வெளியிலேயே நின்றார்கள். முதல் வித்திட்ட அசரியா 1945 ஜனவரி 1 அன்று காலமாகிவிட்டார்.

1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவானது. 14 பேராயங்கள், சுமார் பத்து லட்சம் மக்கள். யாழ்ப்பாணமும் அவற்றுள் ஒன்று. அதன் முதல் பேராயர் சபாபதி குலேந்திரன். பேராயர் மரபுள்ள சபையும் அது இல்லாத சபைகளும் ஒரே அமைப்பாக இணைந்தது உலகில் அதுவே முதல்முறை. புதிய சபையின் குருப்பட்டத்தை ஏற்பது பற்றி 1948 லாம்பெத் மாநாட்டில் உலக ஆங்கிலிக்கப் பேராயர்கள் ஒருமனப்படவில்லை. இங்கிலாந்துத் திருச்சபையின் மாமன்றங்கள் 1955இல்தான் அதை ஏற்றன.

தாம்பரத்தில் திறந்து விடப்பட்ட கேள்வி அவ்வளவு எளிதில் அடங்கவில்லை. 50 ஆண்டு கழித்து 1988 ஜனவரியில் உலகத் திருச்சபைகள் மன்றம் அதே தாம்பரத்தில் ஒரு கலந்தாய்வு நடத்தியது. கிரேமரின் பக்கம் வாதிட லெஸ்லி நியூபிகின் வந்தார். 1947இல் மதுரையின் பேராயரானவர் அவர். மறுபக்கம் சமயவியல் அறிஞர் வில்ஃப்ரெட் கான்ட்வெல் ஸ்மித். அப்போதும் உடன்பாடு வரவில்லை.

தென்னிந்தியாவில் காலத்திடம் ஒப்படைத்த குருப்பட்டச் சிக்கலுக்கோ வடஇந்தியாவில் வேறு தீர்வு கண்டார்கள். அங்கே பேச்சு தொடங்கியது 1929இல். இணையும் நாளிலேயே எல்லாத் தரப்புப் போதகர்களும் ஒருவர்மேல் ஒருவர் கைவைத்து வேண்டும் பொதுச் சடங்கால் ஊழியத்தை ஒன்றாக்குவது என்று முடிவாயிற்று. 1970 நவம்பர் 29 அன்று நாகபுரியில் வடஇந்தியத் திருச்சபை அந்த முறையில் தொடங்கியது. 30 ஆண்டுக் காத்திருப்பு என்ற தென்னிந்தியத் தீர்வை அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை.